ஒரு போத்தலுக்கு ஒரு கரண்டி

முதல் போத்தலைத் திறந்தபோது சத்தமே வரவில்லை. பியர்ப் போத்தலின் மூடியைக் கழற்றினால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால் உள்ளே இருப்பது பியரில்லை, கசக்கிற மஞ்சள் தண்ணீர். கிளாஸில் ஊற்றினேன். நுரை ஒரு பொட்டும் இல்லை. இரண்டாவதைத் திறந்தேன், மூன்றாவதைத் திறந்தேன். மூன்றும் அதே கதைதான். 1975ஆம் ஆண்டு, ஜூன் மாதக் கடைசி ஞாயிறு, மெல்பேர்னின் மல்கிரேவில் எங்கள் வீட்டுக் கராஜ். வெளியே விறைக்கிற குளிர். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் பொறுமைசாலி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை பிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. கார் ரேடியேட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதகனாக இருந்தேன். ஒவ்வொரு ரேடியேட்டரையும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடிப்பேன். எங்காவது குமிழி கிளம்பினால் அது ஒழுக்கு. சோக்கட்டியால் ஒரு புள்ளடி போட்டு ஒதுக்கிவிடுவேன். வாரத்தில் ஐந்து நாளும் குமிழி வரக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமையில் குமிழி வரவில்லையே என்று தலையில் கைவைத்து நின்றேன்.

என் வாய்தான் என்னை மாட்டிவிட்டது. அந்த வருஷம் ஜனவரியில் முதல்முறையாகப் பியர் காய்ச்சினேன். வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம்கொடுத்து அப்போது இரண்டு வருஷந்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ரொன் காய்ச்சினான், நானும் காய்ச்சினேன். ரொன் என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். என் பியரைக் குடித்துவிட்டு, தன்னுடையதைவிடத் திறம் என்று வேலைத்தலம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். புகழ்ச்சியில் தலை கிறுகிறுத்து, ஓகஸ்ட் மாதம் ஓய்வுபெறுகிற எங்கள் போர்மனின் விருந்துக்கு இருபது போத்தல் என் செலவில் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சிலோனிலிருந்து வந்த ஒரே ஆள் நான். சொன்னது சொன்னதுதான்.

குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு போத்தல் முடிந்தாலே பெரிய காரியம். எனக்குக் காய்ச்சுவதில்தான் ருசி. தகரத்தில் வருகிற மோல்ட் பாகைக் கொதிநீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஆறவிட்டு ஈஸ்ட்டைத் தூவி மூடிவைத்தால் ஒரு வாரம் வாளிக்குள் குசுகுசு என்று பேச்சுச் சத்தம் கேட்கும். பேச்சு அடங்கியதும் போத்தலில் அடைக்கவேண்டும். அடைக்கிறபோது ஒரு போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி சீனி. மூடியை வைத்து அடித்துவிட்டால், உள்ளே மிஞ்சியிருக்கிற ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று காஸ் விடும். காஸுக்குத் தப்பிப்போக வழியில்லை, பியருக்குள்ளேயே கரைந்து கிடக்கும். மூடியைக் கழற்றுகிற நாள்தான் அதற்கு விடுதலை.

மே மாதம் விருந்துக்கென்று முப்பது போத்தல் அடைத்தபோது, "நானும் வாறன்" என்று ஈசு வந்து நின்றாள். ஈசு என் மனைவி. முழுப்பெயர் சிவனேஸ்வரி. பியரை 'உங்கட கசாயம்' என்றுதான் சொல்லுவாள். கராஜ் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கதைக்கிறவள், தானாக உதவி செய்கிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீர் ஒரு போத்தலுக்கு ஒரு கரண்டி சீனி போட்டுத் தாரும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சீனி எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை. அவள் குசினி மேசையில் போத்தல்களை வரிசையாக வைத்துப் போட்டுப் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். நான் கராஜில் ரப்பர் குழாயைப் பிடித்தபடி நிரப்பினேன், சுத்தியலால் மூடியை அடித்தேன். அந்த ஞாயிறு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்று வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த இடத்தில் நான் ஈசுவிடம் மறைத்த ஒன்றையும் சொல்லவேண்டும். பெப்ரவரியில் தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. எனக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி என்றார் டொக்டர். சீனியை விடவேண்டும், தினம் காலையில் ஒரு குளிசை, பியர் எப்போதாவது ஒரு கிளாஸ், கால்களில் காயம் வராமல் கவனம். மற்றதெல்லாம் காதில் ஏறியது. கால் என்றதும் எனக்கு ஈசுவின் தகப்பன் நினைவு வந்தது.

ஈசுவின் தகப்பன் சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்தவர். அதே வருத்தம். வலது காலில் முள் குத்திய சின்னக் காயம் ஆறவே இல்லை. இரண்டு வருஷம் தினமும் அந்தக் காலைக் கழுவி மருந்து வைத்துக் கட்டியது ஈசுதான். பிறகு காலை எடுத்தார்கள். அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. கலியாணம் பேசுகிறபோது அவர்கள் பக்கத்தில் கேட்ட முதல் கேள்வியே, மாப்பிள்ளை வீட்டில் யாருக்காவது சலரோகம் இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றோம், அன்றைக்கு அது உண்மை. மெல்பேர்னுக்கு வந்த முதல் மாதம், தகப்பனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த ஈசு, "இன்னொரு காலைக் கழுவிக் கட்ட எனக்குத் தெம்பில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த வார்த்தை என் நெஞ்சில் அப்படியே இருந்தது. அவளிடம் போய், இந்தா இன்னொரு கால் என்று எப்படிச் சொல்லுவேன்? என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்தாலும் நான் செத்தேன். ஆகவே குளிசைப் போத்தலைக் கராஜில், மூடிகள் போட்டுவைக்கிற பிஸ்கற் தகரத்துக்குள் புதைத்து வைத்தேன். காலையில் காரை எடுக்கிற சாட்டில் போய் ஒன்றை விழுங்குவேன். தேத்தண்ணிக்கு மட்டும் இரண்டு கரண்டி சீனி அப்படியே ஓடியது. திடீரென்று வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே.

ஆனால் அந்தத் தேத்தண்ணியும் அந்த வருஷம் ஒழுங்காக இல்லை. குடித்து முடித்தால் அடிநாக்கில் தகரத்தை நக்கியதுபோல ஒரு கைப்பு. இந்த நாட்டுப் பாலில்தான் என்னவோ பிழை என்று பால்காரனைத் திட்டினேன். இன்னொரு எரிச்சல் சொக்ஸ். என் கறுப்புச் சொக்ஸ் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, ஈசு ஒரு டசின் வெள்ளைச் சொக்ஸ் வாங்கி வந்தாள். எண்ணெயும் கரியுமான வேலைத்தலத்துக்கு எவன் வெள்ளைச் சொக்ஸ் போடுவான்? கிரிக்கெட் விளையாடப் போகிறாயா என்று ரொன் பகிடி பண்ணினான். பின்னேரம் நான் கழற்றிப் போட்டதும் அவற்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஊத்தையாக்கிப்போட்டேன் என்று பேசப்போகிறாள் என நான் மெல்ல நழுவிவிடுவேன்.

சரி, பியருக்கு வருகிறேன். வேலிக்கு மேலால் ரொனிடம் முறையிட்டேன். அவன் மூன்று காரணம் சொன்னான். குளிரில் ஈஸ்ட் தூங்கியிருக்கும், இல்லாவிட்டால் மூடிவழியே காஸ் போயிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் ஈஸ்ட் செத்திருக்கும். "சீனி போட்டாயா?" என்றும் கேட்டான். எனக்குச் சுள்ளென்று வந்தது. போட்டது என் மனைவி, அவளுக்குக் கணக்குப் பிசகாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூடியைச் சோதிப்பது என் சொந்தத் தொழில். வாளியில் வெந்நீர் நிரப்பி ஒரு போத்தலைத் தலைகீழாக அமிழ்த்திப் பிடித்தேன். ஒரு குமிழி வரவில்லை. தொழிற்சாலையாக இருந்தால் பாஸ் போட்டிருப்பேன். இருந்தாலும் நான் சும்மா விடுகிறவனா? ஐந்து போத்தலை எடுத்து இலக்கம் ஒட்டினேன். ஒன்றாவதை அப்படியே சூட்டில் வைப்பது. இரண்டாவதற்குப் புது மூடி. மூன்றாவதைத் திறந்து ஒரு சிட்டிகை புது ஈஸ்ட் போட்டு மூடினேன். நாலாவதற்கு, வேறொன்றுக்குமில்லை, ரொனின் வாயை அடைக்க, இன்னொரு கரண்டி சீனி. இந்த நாலையும் கொதிநீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள் வைத்தேன். ஐந்தாவது ஒன்றும் செய்யாமல் கராஜிலேயே இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க.

சீனி எடுக்கக் குசினிக்குப் போனபோது ஈசு கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அலுமாரியில் இருந்த சீனிப் பை கல்லாகக் கட்டிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் இடித்துத்தான் எடுத்தேன். ஈஸ்டருக்கு முன்னம் வாங்கிய பை இன்னும் முக்கால்வாசி கிடந்தது. சிக்கனக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பாருங்கள், நான் எப்பேர்ப்பட்ட பரிசோதகன் என்று.

இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் ஒரு ஞாயிறு காலை, ஐந்தையும் கராஜ் மேசையில் நிறுத்தினேன். ஒன்றாவது செத்த பிணம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலும் ஒன்றும் இல்லை, புது ஈஸ்ட் அடியில் படுத்துக்கிடந்தது. நாலாவதின் மூடியில் திறப்பானை வைத்ததுதான் தாமதம், 'உஸ்' என்று சீறிக்கொண்டு நுரை என் கையெல்லாம் வழிந்தது. வழிந்ததைத் துடைக்காமல் நின்றேன். ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கிறது. மூடியும் நல்ல மூடி. குளிரும் காரணமில்லை. அதற்குத் தின்னச் சீனி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கராஜ் கதவால் தலையை நீட்டிக் கூப்பிட்டேன்.

"ஈசு, அண்டைக்கு எல்லாப் போத்தலுக்கும் போட்டனீர்தானே?"

"ஓம், நீங்கள் சொன்னமாதிரித்தான் போட்டனான்" என்று குசினியிலிருந்து பதில் வந்தது. "தேத்தண்ணி போட்டுட்டன், வாங்கோ."

ஐந்தாவதை, அந்த ஒன்றும் செய்யாத போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன். இனித்தது. அதுதான் விசித்திரம். இனிப்பு இருக்கிறது, ஆனால் ஈஸ்ட் அதைத் தொடவில்லை. கண்ட இனிப்பையெல்லாம் தின்கிற சாதி அது, இதை மட்டும் ஏன் விட்டது? யோசித்துக்கொண்டே குசினிக்குப் போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தேன். அடிநாக்கில் அந்தத் தகரக் கைப்பு வந்தது. பியரின் அடியில் இப்போதுதான் ருசித்துவிட்டு வந்த அதே கைப்பு.

கோப்பையை மெல்ல மேசையில் வைத்தேன்.

"ஈசு, இதுக்குள்ள என்ன போட்டனீர்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிளகாய்த்தூள் தகரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாள். சீனிக்குப் பதிலாகப் போடுகிற சக்கரின் குளிசை.

"ஒரு குளிசை ஒரு கரண்டி சீனிக்குச் சமன் எண்டு இதில எழுதிக்கிடக்கு" என்றாள். "நீங்களும் ஒரு போத்தலுக்கு ஒரு கரண்டி எண்டுதானே சொன்னனீங்கள். ஒவ்வொண்டையும் நசுக்கிப் போட்டனான். விருந்துக்குப் போக மிஞ்சிற போத்தலில இருக்கிற சீனியெல்லாம் உங்கட வயித்துக்குள்ளதானே போகப்போகுது எண்டு நினைச்சன்."

மற்ற நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சீனியை மறைத்துச் சக்கரின் போடுகிறவளுக்கு, ஏன் போடவேண்டும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

"எப்ப கண்டனீர்?"

"பங்குனியில. கராஜைக் கூட்டேக்க அந்த பிஸ்கற் தகரம் கைபட்டு விழுந்திட்டுது. மூடியளோட குளிசைப் போத்தலும் உருண்டு வந்துது. அப்பா போட்ட அதே குளிசை. பேரை வாசிக்க வேண்டியிருக்கேல்லை."

"பிறகு ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாயால் சொல்லுகிறபோது அது எவ்வளவு சின்னதாக இருந்தது. "இன்னொரு காலைக் கழுவிக் கட்டத் தெம்பில்லை எண்டு நீர்தான் சொன்னனீர்" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற குரலாகக் கேட்டது.

ஈசு கதிரையில் இருந்துவிட்டாள். கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது களைச்சுப்போய்ச் சொன்ன கதை. அப்பா செத்து ஒரு வருஷங்கூட ஆகேல்லை அப்ப. அதைப் பிடிச்சுக்கொண்டு இந்தக் குளிருக்க கராஜில ஒளிச்சு நிண்டு குளிசை விழுங்கியிருக்கிறீங்கள். விசரே உங்களுக்கு?" என்றாள். கோபமாகத்தான் தொடங்கினாள், முடிக்கிறபோது கண் கலங்கிவிட்டது. "அப்பாவுக்கு வருத்தம் எண்டு தெரிஞ்ச நாளிலயிருந்து வீட்டில எல்லாரும் அவரை விரட்டினதுதான். அதைத் தின்னாதேங்கோ, இதைத் தொடாதேங்கோ. ஊருக்கே கட்டளை போட்ட மனுசன், கடைசியில சாமத்தில எழும்பிச் சீனிப் போத்தலைக் களவெடுத்துத் திண்டவர். நான் கண்டனான். கண்டும் காணாதமாதிரிப் போய்ப் படுத்தனான். உங்களை அப்பிடி ஒரு நிலையில பாக்க எனக்கு விருப்பமில்லை. நீங்களாச் சொல்லும் மட்டும் நானே பாத்துக்கொள்ளுவம் எண்டு இருந்திட்டன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, சாதாரணக் குரலில் கேட்டாள்.

"போன செவ்வாய்க்கிழமை ஏன் போடேல்லை?"

"என்னத்தை?"

"குளிசையை. ஒவ்வொரு நாளும் நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு எண்ணிப் பாக்கிறனான். செவ்வாய்க்கிழமை ஒண்டு குறையேல்லை."

அன்றைக்குக் கார் ஸ்டார்ட் வராமல் ரொனோடு அவசரமாகப் போனேன், மறந்துவிட்டேன். அதைச் சொல்லுகிறபோதே எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து மாதமாக நான் கெட்டித்தனமாக ஒளித்துக்கொண்டிருந்தேன், அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். வெட்கத்தைவிட அதிகமாக அவள்மேல் ஓர் அன்பு வந்தது. கலியாணம் கட்டிய நாளிலும் எனக்கு அப்படி வந்ததில்லை. எழுந்து கராஜுக்குப் போய்ப் பிஸ்கற் தகரத்தைத் துழாவிக் குளிசைப் போத்தலை எடுத்துவந்து, குசினி மேசையில் அவளுடைய சக்கரினுக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்த வீட்டில் சக்கரினுக்கு ஏமாறாதது ஈஸ்ட் ஒன்றுதான்.

பிறகு அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். சீனி எனக்கில்லை, ஈஸ்ட்டுக்கு. அது தின்று முடித்துக் காஸ் விட்டால்தான் பியர் உயிரோடு இருக்கும், சீனியாக ஒன்றும் மிஞ்சாது. ஈசு வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அண்டைக்கே இதைச் சொல்லியிருந்தா என்ன? கரண்டியைத் தந்துபோட்டுப் போனீங்கள்" என்றாள். பியரைச் சொன்னாளா, குளிசையைச் சொன்னாளா, எனக்கு அது இரண்டு பக்கமும் வலித்தது.

மத்தியானம் முழுக்க மிச்சம் இருபத்திரண்டு போத்தலையும் திறந்தோம். அவள் கட்டிபட்ட சீனியை இடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி போட்டாள். நான் மூடி அடித்தேன். இந்த முறை இருவரும் கராஜிலேயே, ஒரே மேசையில். மூக்கைப் பொத்தவில்லை. கடைசிப் போத்தலை நீட்டியபடி, "இதில உங்களுக்கு ஒரு கிளாஸ்தான், சொல்லிப்போட்டன்" என்றாள். ஓகஸ்ட் கடைசி வெள்ளியில் போர்மன் அந்தப் பியரைக் குடித்துவிட்டு, நல்ல நுரை, ஆனால் கொஞ்சம் இனிக்கிறதே, உங்கள் ஊர்முறையா என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஆனால் எனக்கு இன்றைக்கும் மறக்காதது விருந்தில்லை. அந்த ஞாயிறு பின்னேரந்தான். வேலை முடிந்து குசினிக் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸைக் கழற்றிப் போட்டேன். ஈசு வழக்கம்போல வந்து குனிந்து எடுத்தாள். வழக்கம்போல யன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே கையை விட்டுப் புரட்டி, விரல் படுகிற இடத்தைப் பார்த்தாள், குதி படுகிற இடத்தைப் பார்த்தாள். நழுவிப்போகிற நான் அன்றைக்குப் போகவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புச் சொக்ஸில் இரத்தம் தெரியாது. வெள்ளையில் ஒரு பொட்டு இருந்தாலும் தெரியும்.

"ஈசு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்கும் விளங்கிவிட்டது. சொக்ஸை யன்னலடியில் வைத்துவிட்டு, மற்றக் கதிரையை இழுத்து என் எதிரே போட்டு இருந்தாள். மடியைத் தட்டிச் சீலையைச் சரிசெய்தாள்.

"இனி சொக்ஸைப் பாத்துப் பாத்து இருக்கத் தேவையில்லைத்தானே" என்றாள். "காலைத் தாங்கோ."

வலது காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள், உள்ளங்காலை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் கை சூடாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மற்றதையும்" என்றாள்.